ஒரு குழந்தையைப் புறக்கணித்ததாகச் சந்தேகம். நன்றாக இருக்கும் அண்ணன் அக்காவையும் நீதிமன்றம் தன் பாதுகாப்பில் எடுக்க முடியுமா?

கேள்வி இதுதான். ஒரு வீட்டில் மூன்று குழந்தைகள். கைக்குழந்தைக்கு உடம்பு மோசமாகி மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். இவ்வளவு தாமதமாக ஏன் கொண்டுவந்தார்கள், வீட்டில் சரியாகக் கவனிக்கவில்லையோ என்று மருத்துவருக்குச் சந்தேகம். புகார் போகிறது. சில நாட்களில் நீதிமன்ற மனு வருகிறது. அதில் கைக்குழந்தையின் பெயரோடு, பள்ளிக்குப் போய்க்கொண்டு நன்றாகவே இருக்கும் அண்ணன், அக்கா பெயர்களும் இருக்கின்றன. "இவர்களுக்கு ஒன்றுமே ஆகவில்லையே, இவர்கள் விஷயத்தில் நீதிமன்றத்துக்கு என்ன அதிகாரம்? அதுவும் வெறும் சந்தேகத்தை வைத்து?"

அதிகாரம் உண்டு. பல நாட்டுச் சட்டங்களில் உண்டு. ஆனால் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது, பதறிப்போன பெற்றோருக்கு அதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. சந்தேகம் இருந்தால் நீதிமன்றம் வீட்டுக்குள் வரலாம், சில நாட்கள் இருக்கலாம். அதற்குமேல் நீடிக்க வேண்டுமென்றால் நிரூபிக்கப்பட்ட உண்மை வேண்டும். அந்த உண்மை ஒவ்வொரு குழந்தைக்கும் ஏன் ஆபத்து என்பதைத் தனித்தனியாகக் காட்டவும் வேண்டும்.

முதலில், அடிபடாத குழந்தையைச் சட்டம் ஏன் தொடுகிறது என்பதைப் பார்ப்போம். குழந்தைப் பாதுகாப்பு நீதிமன்றம் யாரையும் தண்டிக்க உட்காரவில்லை. குற்றவியல் நீதிமன்றம் நடந்து முடிந்ததைப் பார்க்கிறது. இது நடக்கப்போவதைப் பார்க்கிறது. ஒரு பெற்றோர் ஒரு குழந்தையிடம் நடந்துகொண்ட விதம், அதே வீட்டில் அதே கையால் வளரும் அடுத்த குழந்தைக்கு என்ன ஆகக்கூடும் என்பதற்கு ஒரு சான்று. இரண்டாவது குழந்தைக்கும் ஏதாவது ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று எந்தச் சட்டமும் காத்திருக்க முடியாது. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. என் கவலையெல்லாம், அந்தச் சான்றுக்கு எவ்வளவு எடை கொடுக்கிறார்கள் என்பதில்தான்.

இதை விரிவாக எழுதி வைத்திருப்பது அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம். அங்கே இத்தகைய வழக்குகளுக்கு அடிப்படை, நலன் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தொகுப்பின் 300-ஆம் பிரிவு. ஒரு குழந்தை எப்போது சிறார் நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குள் வரும் என்று ஏ, பி, சி எனத் தொடங்கி ஜே வரை உட்பிரிவுகளாகப் பிரித்திருக்கிறார்கள். உடன்பிறந்தவர்களுக்கென்றே இருப்பது ஜே. அதில் இரண்டு படிகள். ஒன்று, உடன்பிறந்த குழந்தை கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளாகியிருக்க வேண்டும். இரண்டு, இந்தக் குழந்தைக்கும் கொடுமையோ புறக்கணிப்போ நேரக் கணிசமான ஆபத்து இருக்க வேண்டும். முதல் படியை மட்டும் நிரூபித்துவிட்டு, "ஆகவே மற்ற குழந்தைகளுக்கும் ஆபத்து" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளும் மனுக்கள் உண்டு. அந்த ஒரு வரி போதாது. தம்பிக்கு நடந்தது என்ன சூழலில் நடந்தது, ஒவ்வொரு குழந்தையும் ஆணா பெண்ணா, என்ன வயது, நடந்த கொடுமை அல்லது புறக்கணிப்பின் தன்மை என்ன, பெற்றோரின் மனநிலை என்ன, இவற்றையெல்லாம் நீதிமன்றம் எடைபோட வேண்டும் என்று அதே உட்பிரிவு சொல்கிறது.

வயது என்று சட்டம் சொல்வதை உங்கள் வழக்கில் வைத்துப் பாருங்கள். ஆறு மாதக் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறுவதைக் கவனிக்கத் தவறியது ஒரு வகை ஆபத்து. பன்னிரண்டு வயதுப் பையன் தலை வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வான், பள்ளியில் ஆசிரியர் பார்ப்பார், பக்கத்து வீட்டுக்கு ஓடுவான். புறக்கணிப்பு என்பது பெரும்பாலும் தனக்காகப் பேச முடியாத குழந்தையைத்தான் வீழ்த்துகிறது. அதனால் கைக்குழந்தைக்குச் சொல்லும் காரணத்தை அப்படியே நகலெடுத்துப் பெரிய பிள்ளைக்கும் ஒட்ட முடியாது. இரண்டு வயதுக் குழந்தை என்றால் ஒட்டலாம், அங்கே வாதம் வேறு.

இதற்கு நேர்மாறான ஒரு தீர்ப்பும் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். 2013-இல் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் முடிவு செய்த ஐ.ஜே. வழக்கு. தந்தை தன் மகளை மூன்று ஆண்டுகள் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கியிருந்தார். மகன்களை அவர் தொட்டதில்லை, அவர்களுக்கு விஷயமே தெரியாது. அப்படியிருந்தும் மகன்கள் மீதும் அதிகாரம் உண்டு என்றது நீதிமன்றம். நேரக்கூடிய தீங்கு எவ்வளவு கொடியதோ, அது நேரும் வாய்ப்பு அவ்வளவு குறைவாக இருந்தாலும் போதும் என்பது அங்கே சொல்லப்பட்ட காரணம். இந்தத் தராசை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் சந்தேகிக்கப்படுவது உயிருக்கே உலை வைக்கும் விஷயம் என்றால், "பெரியவனுக்கு அது நடக்க வாய்ப்புக் குறைவு" என்ற வாதம் தனியாக நிற்காது. தடுப்பூசியைத் தள்ளிப்போட்டது, வீடு ஒழுங்காக இல்லாதது போன்ற விஷயம் என்றால், வாய்ப்பு அதிகம் என்று காட்ட வேண்டிய சுமை அரசுத் தரப்பின் தலையில்.

குழந்தை இறந்துபோயிருந்தால் சட்டம் இன்னும் கடுமையாகிறது. 300-ஆம் பிரிவின் எஃப் உட்பிரிவு, பெற்றோர் கொடுமையாலோ புறக்கணிப்பாலோ இன்னொரு குழந்தையின் சாவுக்குக் காரணமாக இருந்தால், மீதமுள்ள குழந்தைகள் அதிகாரத்துக்குள் வருவார்கள் என்கிறது. இதை விளக்கியது 2012-இல் வந்த ஈதன் சி. வழக்கு. படிக்கும்போது மனம் கனத்துப்போகும் வழக்கு அது. ஒன்றரை வயது மகளுக்குக் கையில் அடி. மருத்துவமனைக்குக் கொண்டுபோகத்தான் அப்பா காரில் ஏறுகிறார். குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கையில் உட்காரவைத்துக் கட்டவில்லை. வழியில் இன்னொரு வண்டி வந்து மோதுகிறது, குழந்தை இறந்துவிடுகிறது. மோதியவர் வேறு ஆள், அப்பாவின் நோக்கமோ குழந்தையைக் காப்பாற்றுவது. ஆனாலும் அந்த இருக்கை இல்லாதது புறக்கணிப்புதான் என்றது கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம். குற்றவியல் சட்டம் கேட்கும் அளவுக்குக் கொடிய அலட்சியம் தேவையில்லை. சாதாரண கவனக்குறைவு, அது சாவுக்கு ஒரு முக்கியக் காரணியாக இருந்தால் போதும். மற்ற பிள்ளைகளுக்கு இன்றைக்கு ஆபத்து என்று தனியாகக் காட்டத் தேவையில்லை என்று முடிவு சொன்னது.

இந்தத் தீர்ப்பு எனக்கு இன்றும் உறுத்துகிறது. சட்டத்தின் சொற்களைப் பார்த்தால் நீதிமன்றம் சொன்னது சரி, எஃப் உட்பிரிவில் இன்றைய ஆபத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அவசரத்தில் செய்த ஒரு தவறுக்காக, மகளைப் பறிகொடுத்த வீட்டின் மற்ற பிள்ளைகளும் வழக்குக்குள் வருகிறார்கள். இதில் ஆறுதல் தரும் விஷயம் ஒன்று உண்டு: அதிகாரத்துக்குள் வருவது வேறு, வீட்டை விட்டு எடுப்பது வேறு.

இந்த வேறுபாடு புரியாமல்தான் பலர் பாதி நம்பிக்கையை முதல் விசாரணையிலேயே இழந்துவிடுகிறார்கள். நீதிமன்றம் ஒரு குழந்தை மீது அதிகாரம் எடுத்துக்கொண்டது என்றால் குழந்தை போய்விட்டது என்று அர்த்தமில்லை. பிள்ளைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு, சமூகப் பணியாளர் வந்து பார்க்கட்டும், பெற்றோர் பயிற்சிக்குப் போகட்டும் என்று உத்தரவிடலாம். கலிஃபோர்னியாவில் அதிகாரம் எடுக்க, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற அளவுக்குச் சான்று போதும். குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்க அதைவிடக் கனமான, தெளிவாகவும் மனதை ஏற்கவைக்கும் விதமாகவும் உள்ள சான்று வேண்டும். அப்போதும், தவறு செய்த பெற்றோரை மட்டும் வீட்டை விட்டு வெளியே இருக்கச் சொல்ல முடியாதா, தவறு செய்யாத மற்றவரிடம் பிள்ளைகளை விட முடியாதா என்று நீதிமன்றம் யோசித்தாக வேண்டும். ஆகவே அம்மா அப்பா இருவரில் ஒருவர் மேல் மட்டும் குற்றச்சாட்டு என்றால், மற்றவர் கையில் "நான் இப்படிப் பாதுகாப்பேன்" என்ற எழுத்துத் திட்டம் இருக்க வேண்டும். யார் எப்போது வீட்டில் இருப்பார், மருந்து யார் கொடுப்பார், மருத்துவரிடம் அடுத்து எந்தத் தேதி என்று எழுதப்பட்ட ஒற்றைப் பக்கம், உணர்ச்சி பொங்கும் பத்து நிமிடப் பேச்சைவிட நீதிபதிக்கு உதவும்.

காலக்கெடுவும் முக்கியம். அங்கே குழந்தையை எடுத்துக்கொண்டால் விடுமுறை நாட்கள் நீங்கலாக 48 மணி நேரத்துக்குள் மனு போட வேண்டும், இல்லையென்றால் திருப்பி விட வேண்டும். மனு போட்ட அடுத்த வேலை நாளுக்குள் முதல் விசாரணை. பிள்ளைகள் வெளியே வைக்கப்பட்டிருந்தால் 15 நீதிமன்ற நாட்களுக்குள் அதிகார வரம்பு குறித்த விசாரணை. முதல் விசாரணையில் முதல்நோக்கில் ஒரு காரணம் இருந்தாலே போதும். சந்தேகத்துக்கு மரியாதை இருக்கும் இடம் இதுதான், அங்கே தோற்றால் வழக்கே தோற்றது என்று நினைக்க வேண்டாம்.

சரி, வெறும் சந்தேகம் எதுவரை செல்லும்? இதற்கு மிகத் தெளிவான பதில் இங்கிலாந்தில் கிடைக்கிறது. அங்குள்ள 1989-ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டத்தில் மூன்று படிகள். 47-ஆம் பிரிவின்படி விசாரிக்கத் தொடங்க, தீங்கு என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் போதும். 38-ஆம் பிரிவின்படி இடைக்கால உத்தரவுக்கு, நம்புவதற்கு நியாயமான காரணங்கள் வேண்டும். 31-ஆம் பிரிவின்படி, குழந்தையை உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலின் பொறுப்பில் வைக்கும் முழுப் பராமரிப்பு உத்தரவுக்கு, குழந்தை பெரும் தீங்கை அனுபவிக்கிறது அல்லது அனுபவிக்கக்கூடும் என்று நீதிமன்றம் திருப்தியடைய வேண்டும். மேலே ஏற ஏற, சந்தேகத்தின் மதிப்புக் குறைந்துகொண்டே போகிறது.

உடன்பிறந்தவர்கள் பற்றிய கேள்வி, அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போய், 1995 டிசம்பரில் தீர்ப்பானது. பதினைந்து வயதான மூத்த மகள், அம்மாவோடு வாழ்ந்த ஆண் தன்னைப் பாலியல் கொடுமை செய்தார் என்றாள். குற்றவியல் வழக்கில் அவர் விடுதலையானார். ஆனாலும் மூன்று தங்கைகளுக்காகக் கவுன்சில் பராமரிப்பு உத்தரவு கேட்டது. மூத்தவள் சொன்னது உண்மையாக இருக்கலாம் என்று நீதிபதிக்கு வலுவான சந்தேகம் இருந்தது, ஆனால் நடந்தது என்று தீர்மானிக்கும் அளவுக்குச் சான்று இல்லை. ஐந்து பேர் அமர்வில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், நிரூபிக்கப்படாத ஒன்றின் மேல் எதிர்கால ஆபத்தைக் கட்ட முடியாது என்று தீர்ப்பு வந்தது. 'நேரக்கூடும்' என்பதற்கு, அலட்சியப்படுத்த முடியாத உண்மையான வாய்ப்பு இருந்தால் போதும். ஆனால் அந்த வாய்ப்பைக் காட்டும் நிகழ்வுகள் நடந்தவை என்று முதலில் தீர்மானமாக வேண்டும். 2008-இல் இன்னொரு வழக்கில் இதையே உறுதிசெய்தார்கள்: சட்டத்தின் கண்ணில் ஒன்று நடந்தது, அல்லது நடக்கவில்லை, நடுவில் எதுவும் இல்லை.

மாற்றுக் கருத்துச் சொன்ன இரு நீதிபதிகளின் அச்சமும் நியாயமானதே. நான்கைந்து கவலை தரும் அறிகுறிகள் சேர்ந்திருக்கும்போது, ஒவ்வொன்றும் பாதிக்கு மேல் நிரூபணமாகவில்லை என்பதற்காகத் தங்கைகளை அப்படியே விட்டுவிடலாமா? ஆனாலும் நான் பெரும்பான்மையின் பக்கம்தான். நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டை நிரந்தரமாகச் சுமக்கும் பெற்றோரால் தங்கள் பெயரைத் துடைத்துக்கொள்ள வழியே இருக்காது. பிள்ளைகள் பிரிந்து வளர்வதும் சின்னத் தீங்கு அல்ல.

இதன் உச்சம் 2013-இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன, 'ஜே' என்ற பெயரில் அறியப்படும் வழக்கு. 2004-இல் மூன்று வாரக் குழந்தை ஒன்று மூச்சுத் திணறி இறந்தது, எலும்பு முறிவுகளும் இருந்தன. அம்மா, அப்பா இருவரில் ஒருவர்தான் செய்திருக்க வேண்டும், யார் என்று சொல்ல முடியவில்லை என்று அப்போது தீர்மானமானது. பல ஆண்டுகள் கழித்து அந்த அம்மா வேறொருவருடன் வாழ்கிறார். அந்த வீட்டில் மூன்று குழந்தைகள். "செய்தது இவராக இருக்கலாம்" என்ற ஒன்றை மட்டும் வைத்து அந்த மூவருக்கும் ஆபத்து என்றது கவுன்சில். அது போதாது என்று ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால் முக்கியத் தீர்ப்பை எழுதிய நீதியரசி ஹேல், அன்றைய சூழலில் நிரூபிக்கக்கூடிய மற்ற விஷயங்களைக் கவுன்சில் காட்டியிருக்கலாம் என்றும் சொன்னார். பச்சைக் குழந்தையின் எலும்பு முறிந்ததைக் கவனிக்கத் தவறினாரா, மறைத்தாரா, துணையைக் காப்பாற்ற முயன்றாரா என்பதெல்லாம் 'யார் செய்தது' என்று தெரியாமலேயே நிரூபிக்கக்கூடிய உண்மைகள். உங்கள் வழக்கிலும் எதிர்த்தரப்பு தேடப்போவது இதைத்தான். "அந்தக் காயம் எப்படி வந்தது என்று எங்களுக்குத் தெரியாது" என்ற பதிலோடு நின்றுவிடாமல், எப்போது முதலில் கவனித்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள் என்பதை நினைவு பசுமையாக இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்வது அதனால்தான் அவசியம்.

இந்தியச் சட்டமும் இதே பாதையில்தான் போகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில், கவனிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை யார் என்று விளக்கும் 2(14) பிரிவில், வேறொரு குழந்தையைக் கொன்ற, கொடுமைப்படுத்திய, புறக்கணித்த அல்லது சுரண்டிய ஒருவரோடு வசிக்கும் குழந்தையும் சேரும், ஆனால் இந்தக் குழந்தைக்கும் அதே நபரால் அப்படி நேர நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும். இங்கேயும் அதே இரண்டு படிகள். 'வேறொரு குழந்தை' என்றுதான் இருக்கிறது, உடன்பிறப்பாக இருக்க வேண்டியதில்லை. முடிவெடுப்பது நீதிமன்றம் அல்ல, குழந்தைகள் நலக் குழு; தலைவரும் நான்கு உறுப்பினர்களும். குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் கொண்டுவர வேண்டும், சமூக விசாரணை 15 நாட்களில், இறுதி உத்தரவு நான்கு மாதங்களுக்குள்.

புறக்கணிப்பு வழக்குகளில் அடிக்கடி கலந்துபோகும் ஒன்று வறுமை. ஃபிரிட்ஜ் காலியாக இருக்கிறது, ஒரே அறையில் ஐந்து பேர், வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அறிக்கையில் இவை 'புறக்கணிப்பு' என்ற தலைப்பின் கீழ் வரிசையாக வந்து உட்காரும். கலிஃபோர்னியா இதைச் சட்டத்திலேயே பிரித்துவிட்டது. வீடில்லாததோ பணக் கஷ்டமோ மட்டும் காரணமாக ஒரு குழந்தையைப் புறக்கணிப்பின் கீழ் கொண்டுவரக் கூடாது என்று 300-ஆம் பிரிவே சொல்கிறது. புகார் செய்யக் கடமைப்பட்ட ஆசிரியர், மருத்துவர் போன்றோருக்கான சட்டத்திலும், பெற்றோரின் பொருளாதாரப் பின்னடைவு பொதுப் புறக்கணிப்பு ஆகாது என்று 2023 தொடக்கத்திலிருந்து எழுதப்பட்டிருக்கிறது. அண்ணன், அக்கா மீதான ஆபத்துக்கு அறிக்கை தரும் காரணங்களில் எவை பணத்தால் தீரக்கூடியவை என்று உங்கள் வழக்கறிஞரோடு உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். பெரிய பிள்ளைகள் மீதான குற்றச்சாட்டில் பாதி இப்படியே கரைந்துபோகலாம்.

குற்றவியல் வழக்கும் கூடவே நடந்தால் அதற்கென்று தனி வழக்கறிஞர் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே விடுதலையானால் இங்கேயும் முடிந்துவிடும் என்று நம்ப வேண்டாம், இரண்டு இடத்திலும் நிரூபண அளவு வேறு. ஒரு இடத்தில் சொன்னது இன்னொரு இடத்தில் எவ்வளவு தூரம் பயன்படும் என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில், தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடும் என்பதற்காகப் பராமரிப்பு வழக்கில் பதில் சொல்ல மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பதிலைப் பொய்ச் சாட்சியம் தவிர்த்த வேறு குற்ற வழக்கில் உங்களுக்கு எதிராகச் சான்றாக வைக்க முடியாது. விசாரணையில் பேச வேண்டிய மொழி சரளமாக வராவிட்டால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். மூத்த பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள், அவனும் அந்த வழக்கில் ஒரு தரப்பு.

கடைசியாக, கைக்குழந்தை மீதான குற்றச்சாட்டு தள்ளுபடியானால் மற்ற இருவரும் தானாகவே விடுபடுவார்களா? அண்ணன், அக்கா பெயர் ஜே உட்பிரிவின் கீழ் மட்டும் வந்திருந்தால், ஆம். முதல் படியே இல்லாமல் இரண்டாவது நிற்காது. ஆனால் பொதுவாக மனுவில் ஒவ்வொரு குழந்தைக்கும் பி உட்பிரிவையும், அதாவது அந்தக் குழந்தையையே நேரடியாகக் கவனிக்கத் தவறியதையும் சேர்த்து எழுதியிருப்பார்கள். அது தனியாக நிற்கும், தனியாகத்தான் விழ வேண்டும். எனவே மனு கையில் கிடைத்ததும் மூன்று பெயர்களுக்கும் எதிரே எந்தெந்த உட்பிரிவு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெரிய பிள்ளைகளின் பள்ளி வருகைப் பதிவு, தடுப்பூசி அட்டை, பல் மருத்துவர் குறிப்பு எல்லாவற்றையும் அவரவர் பெயரில் தனித்தனி உறையில் போட்டு வழக்கறிஞரிடம் கொடுங்கள். மூவருக்கும் ஒரே வாதம் வைக்காமல், ஒவ்வொரு பெயருக்கும் தனியே தள்ளுபடி கேட்கும்படி சொல்லுங்கள்.